களைச்சோறு

சோற்றைக் குறைக்கும்படி என் கணவரிடம் சொன்ன கண் டாக்டர் நெல் விளையும் எங்கள் பக்கத்துக்காரர் இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் சுற்றி வளைத்தாவது சொல்லியிருப்பார்.

"ரெண்டு கண்லயும் புரை முத்திக்கிட்டு வருது. ஆபரேஷன் பண்ணிடலாம். ஆனா சுகர் இந்த அளவுல இருக்கும்போது கத்தி வைக்க மாட்டேன். ரெண்டு மாசம் டைம் தர்றேன். மாத்திரையை ஒழுங்காப் போடுங்க, சோத்தைக் குறைங்க" என்று கையைக் கழுவிக்கொண்டே சொல்லிவிட்டார்.

"டாக்டர், நான் நெல்லு போடுற ஆளு" என்றார் ரெமிஜியஸ். அவர்தான் என் கணவர்.

"போடுங்க, யாரு வேணாம்னா? திங்கிறதைத்தான் குறைக்கச் சொன்னேன்."

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் வரும் வரை இவர் பஸ்ஸில் மருந்துச் சீட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே வந்தார். இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்து வயல் பச்சை பிடித்துக் கிடந்தது. இறங்கும்போது, "ஊருக்கெல்லாம் சோறு போடுறவன் சப்பாத்தி திங்கணுமாம்" என்றார். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

இவருக்குச் சோறுதான் சாப்பாடு. குழம்பு, கூட்டு, பொரியல் எல்லாம் அதை உள்ளே தள்ளுவதற்கு. மூன்று வேளையும் சோறு போட்டாலும் நான்காவது வேளை ஏன் இல்லை என்று கேட்கக்கூடிய மனிதர். ஆனால் எனக்கு விளையாட்டாக இல்லை. அதற்கு முந்தின மாதம்தான் பொழுது சாயும் நேரத்தில் வண்டியோடு வாய்க்காலில் இறங்கியிருந்தார். தண்ணீர் முழங்கால் அளவே இருந்ததால் சட்டை நனைந்ததோடு போயிற்று. "எதிர்ல லைட்டு அடிச்சுட்டான்" என்றார். எதிரே யாரும் வரவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மகள் கல்யாணமாகிச் சிங்கப்பூர் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இவருக்குக் கண் போய்விட்டால் கைப்பிடித்து நடத்த நான் ஒருத்திதான்.

நான் அருள்ஜோதி. நீடாமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். காலை பஸ்ஸைப் பிடிப்பதற்குள் இரண்டு வேளைக்குச் சமைத்துவிட்டு ஓட வேண்டும். ஆற அமர ஆரோக்கியச் சமையல் செய்ய எனக்கு நேரம் கிடையாது. கைக்கு எட்டியதை வைத்து, அடுப்பு அணைவதற்குள் ஒப்பேற்றுகிற சமையல்தான் என்னுடையது.

முதலில் ஓட்ஸ் கஞ்சி போட்டேன். கரண்டியால் தூக்கிப் பார்த்துவிட்டு, "போஸ்டர் ஒட்டப் போறியா?" என்றார். கோதுமை ரவையில் சுரைக்காயைத் துருவிப் போட்டு உப்புமா கிண்டினேன். விருந்தாளி யாராவது வந்திருக்கிறார்களா என்று வாசலை எட்டிப் பார்த்தார். பச்சைப்பயறை ஊறவைத்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் வைத்து அரைத்து, முருங்கைக்கீரையை உருவிப் போட்டு அடை சுட்டேன். அது மட்டும் பிடித்துவிட்டது. நாலு அடையைச் சாப்பிட்டு ஏப்பம் விட்டுவிட்டு, "டிபன் நல்லா இருந்துச்சு. சாப்பாடு எங்க?" என்றார்.

இரண்டு வாரம் இப்படிப் போனது. விரலில் குத்திப் பார்க்கிற மெஷினில் எண் அசையவே இல்லை.

அப்புறம்தான் தஞ்சாவூர்க் கடையில் குதிரைவாலி பாக்கெட் வாங்கி வந்தேன். லேசாக வறுத்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு வடித்தால் பொலபொலவென்று வெள்ளையாக வந்தது. அரிசியைவிடச் சீக்கிரம் வெந்துவிடுகிறது, எனக்கு பஸ்ஸும் தப்பவில்லை. கொஞ்சமாக வைத்தாலும் பசி தாங்குகிறது. ஆனால் அதன் பேரைச் சொல்லி இவர் தட்டில் வைக்க முடியாது.

காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் குதிரைவாலி என்றால் களை. நெல்லோடு நெல்லாக, அதே பச்சையில், அதே உயரத்தில் நின்று ஏமாற்றுகிற புல். அதைப் பிடுங்கி வரப்பில் வீசுவதே இவருக்கு ஆயுள் முழுக்க வேலை. பாக்கெட்டில் வருவது விளைவிக்கிற சாதி, வயலில் முளைப்பது காட்டுச் சாதி, இரண்டும் சொந்தக்காரர்கள் என்றாலும் ஒன்றில்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம், இவருக்கு முடியாது.

"என்ன சோறு பொடிப்பொடியா இருக்கு?" என்று முதல் நாளே கேட்டார்.

"நொய்ங்க. இந்தத் தடவை மில்லுல நொய் நிறைய விழுந்துருச்சு" என்றேன். இத்தனை சரளமாக எனக்குப் பொய் வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

ஒரு வாய் வைத்தார். மறு வாய் வைத்தார். "நொய்யும் நல்லாத்தான் இருக்கு. ஆனா சித்தீக் பாய் மில்லுல மெஷின் தேஞ்சிருக்கும் போல. நேர்ல போயி ஒரு வார்த்தை கேக்குறேன்."

வந்தது வினை. அன்று சித்தீக் பாய்க்குக் காய்ச்சல் என்றேன். அடுத்த வாரம் அவரை மருமகன் வீட்டு விசேஷத்துக்கு அனுப்பிவைத்தேன். அதற்கடுத்த வாரம் முதுகுவலியில் படுக்கப் போட்டேன். அந்த மனிதர் குத்துக்கல் மாதிரி மில்லில் உட்கார்ந்திருந்தார்.

மற்றபடி என் அடுப்பு ஜோராக நடந்தது. குழம்புக்குத் தேங்காய் அரைப்பதை நிறுத்திவிட்டு, வெந்த துவரம்பருப்பை ஒரு கரண்டி மசித்து ஊற்றினேன். கெட்டியாகவே நின்றது. மீனை எண்ணெயில் பொரிக்காமல் மசாலா தடவி, கொல்லை வாழையிலையில் சுற்றித் தோசைக்கல்லில் வாட்டினேன். பீர்க்கங்காய்த் தோலைக்கூட விடாமல் துவையல் அரைத்தேன். தட்டில் முதலில் பொரியலைப் பரப்பிவிட்டு, மிச்ச இடத்தில்தான் சோறு. மெஷினில் எண் இறங்கத் தொடங்கியது. இவர் மாத்திரையைப் பாராட்டினார். நானும் ஆமாம் போட்டேன்.

ஆனால் மனசு உறுத்தியது. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

எங்கள் பங்குக் கோயிலில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டின்னில் போட்டு வைக்க வேண்டும். மாதக் கடைசி ஞாயிறு, எங்கள் தெருக்காரர்களின் ஜெபக் குழுவான அன்பியத்திலிருந்து வந்து வாங்கிப்போய், இல்லாத வீடுகளுக்குக் கொடுப்பார்கள். இவருக்கு வடிக்க வேண்டிய அரிசியை நான் தினமும் அந்த டின்னிலேயே கொட்டினேன். மாதாவிடம் போய் நின்றால், பொய் சொன்னேன் தாயே, ஆனால் அரிசி ஏழைக்குத்தான் போயிற்று என்று சொல்லலாம் இல்லையா?

அக்டோபர் கடைசி ஞாயிறு பூசை முடிந்து பிரின்ஸி பையோடு வந்தாள். எங்கள் அன்பியத்துக்கு அவள்தான் பொறுப்பு. நல்ல பெண், ஆனால் வாய்க்கு வாசல்படி கிடையாது. நான் அடுப்படியில் இருந்ததால் இவரே டின்னைத் தூக்கப் போனார். தூக்க முடியவில்லை.

"என்ன மாமா இது! எப்பவும் டின்னோட அடியை மறைக்கத்தான் அரிசி இருக்கும். இந்த மாசம் மூடியே மூடல! வீட்டுல சண்டையா? உலையே வைக்கலையா?" பிரின்ஸியின் குரல் தெருவுக்கே கேட்டது.

நான் கரண்டியோடு ஓடி வந்தபோது இவர் டின்னுக்குள் கையை விட்டு அரிசியை அள்ளி, விரலுக்கிடையில் வழியவிட்டுக்கொண்டிருந்தார்.

"முழு அரிசி" என்றார். "ஒரு நொய் இல்ல. ஜோதி, அப்ப ஒரு மாசமா நான் தின்னது என்ன?"

பூசை பார்த்து, நற்கருணை வாங்கிய வாய். அதில் அன்று பொய் வரவில்லை. பாக்கெட்டை எடுத்து வந்து கொடுத்தேன். ஜன்னலுக்குக் கொண்டுபோய், கிட்டே வைத்து, தூர வைத்துப் பார்த்தார். கடைசியில் பிரின்ஸியிடம் நீட்டினார்.

"குதிரைவாலி" என்று அவள் கணீரென்று வாசித்தாள், பூசையில் பைபிள் வாசகம் படிப்பது போல.

"களையா?" இவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆள் விட்டுப் புடுங்கி வரப்புல வீசுறதை, கடைக்குப் போயி வாங்கியாந்து எனக்கு வடிச்சுப் போட்டிருக்க!"

"அது வேறங்க, இது விளைவிக்கிற..."

"பாடம் எடுக்காத. மாட்டுக்குக்கூட நான் அதைப் பார்த்துத்தான் போடுவேன்."

பிரின்ஸி பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஸ்தோத்திரம்கூடச் சொல்லாமல் நழுவினாள். மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தது.

அன்று இவரே அரிசியைக் களைந்து உலை வைத்தார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர் போல மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த நாளும் அப்படியே. மெஷினை நீட்டினால் விரலை மடக்கிக்கொண்டார். மறுபடி டாக்டரைப் பார்க்க இரண்டு வாரம்தான் பாக்கி. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "வீம்புக்குச் சாப்பிட்டுக் கண்ணைத் தொலைங்க. எனக்கென்ன?" என்று கத்திவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். எனக்கென்ன என்று சொல்லிவிட்டேனே ஒழிய, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. சமாதானக் கொடி பிடிப்பதில் நான் மட்டம் இல்லை. சர்க்கரை போடாத டீயைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு, வேகவைத்த கொள்ளுச் சுண்டலையும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடம், ஆறாம் நாள் துணி, ஏழாம் நாள் கோயில். நடவுக்குப் பிறகு நான் வயல் பக்கமே போகவில்லை.

வரப்பில் ஏறியதும் நின்றுவிட்டேன்.

பக்கத்து வயல் வைரக்கண்ணுவுடையது, குத்தகைக்கு எடுத்துச் செய்கிறான். அவன் வயல் பாய் விரித்தாற்போல ஒரே மட்டமாக இருந்தது. எங்கள் வயலில் நெல்லுக்கு மேலே தலையைத் தூக்கிக்கொண்டு, கதிர் நீட்டிக்கொண்டு, குதிரைவாலி நின்றது. ஒன்றிரண்டு இல்லை. எங்கே பார்த்தாலும். வரப்பு ஓரத்தில் பிடுங்கிப் போட்ட பயிர் காய்ந்து கிடந்தது. ஒரு கொத்தை எடுத்துப் பார்த்தேன். இலை தண்டோடு சேருகிற இடத்தில் சின்னதாகச் சவ்வு இருந்தது. நெல்லுக்குத்தான் அது உண்டு, குதிரைவாலிக்குக் கிடையாது. நானே கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

வைரக்கண்ணு மண்வெட்டியோடு வந்து தயங்கி நின்றான்.

"டீச்சர், நான் சொன்னேன்னு அண்ணன்கிட்டச் சொல்லிடாதீங்க. போன மாசம் களைக்கு ஆள் கிடைக்கல. நானே பார்த்துக்கிறேன்னு அண்ணன் தனியா இறங்குனாரு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் கவனிச்சேன். நெல்லைப் புடுங்குறாரு, களையை விடுறாரு. அண்ணே, நான் வர்றேன்னேன். போடா, உன் வேலையைப் பாருன்னுட்டாரு."

அந்தக் கொத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். எழுத்து தெரியவில்லை, எதிரே வெளிச்சம் கூசுகிறது என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற நெல்லே தெரியவில்லை என்பது இவர் சொல்லாத விஷயம்.

இவர் மோட்டார் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்திருந்தார். டீயை ஊற்றிக் கொடுத்தேன். என் கையில் இருந்த காய்ந்த கொத்தைப் பார்த்தார். அதாவது, அந்தப் பக்கம் பார்த்தார்.

"வைரக்கண்ணு சொன்னானா?"

"வயலே சொல்லுதுங்க."

டீயை ஒரு வாய் குடித்தார். அப்புறம் டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எல்லாம் ஒரே பச்சையாத் தெரியுது ஜோதி. புகைக்குள்ள நிக்கிற மாதிரி. சவ்வு இருக்கான்னு தடவிப் பார்த்தேன். காய்ச்சுப்போன வெரலு, அதுக்கும் தெரியல. நெல்லு எது களை எதுன்னு தெரியாதவன்னு ஊர்ல பேசிட்டா நான் எப்படித் தலை நிமிர்ந்து நடக்குறது?"

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ மட்டும் எல்லாத்தையும் சொல்லிட்டியாக்கும்?"

ஒரு மாதமாகத் தட்டில் இருந்தது சோறா களையா என்று இந்த மனிதருக்குத் தெரியவில்லை. அது என் கெட்டிக்காரத்தனம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் கண்ணின் நிலைமை அது என்று எனக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பயமாக இருக்கிறது என்று சொன்னேன். வண்டியோடு வாய்க்காலில் விழுந்த நாளிலிருந்து ராத்திரி தூக்கம் இல்லை என்றும் சொன்னேன்.

இவர் துண்டை எடுத்து நீட்டினார். சேறு நாற்றம் அடித்தது. துடைத்துக்கொண்டேன்.

"வயல்லயும் குதிரைவாலி, தட்டுலயும் குதிரைவாலி. ரெண்டு எடத்துலயும் அதுதான் நம்மள ஜெயிச்சிருக்கு" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சுண்டலை ஒரு வாய் போட்டுக்கொண்டார். "அந்தப் பாக்கெட்டு மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"அதையே வடி. ஆனா ஒண்ணு. இனிமே நொய்னு சொல்லாத. களைன்னே சொல்லிப் போடு, திங்கிறேன்."

அன்று மாலையே வைரக்கண்ணுவை இவரே கூப்பிட்டு, ஆள் விட்டுக் களையின் கதிரை அறுக்கச் சொன்னார். விதை கொட்டுவதற்கு முன் அறுத்தால்தான் அடுத்த போகமாவது தப்பிக்கும். ஊரில் இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது, பேச்சு மழைக்குப் போய்விட்டது.

டாக்டரைப் பார்க்கப் போகும் வரை எங்கள் அடுப்படி புதுசாகக் கல்யாணமானவர்கள் வீடு மாதிரி இருந்தது. இவர் சுரைக்காய் துருவினார், தரையெல்லாம் துருவல். "இன்னைக்கு என்ன களை?" என்று கேட்டுக்கொண்டே தட்டெடுத்து வருவார். களைப் பொங்கல் என்பேன். பாசிப்பருப்பும் மிளகும் சீரகமும் போட்டு, நெய்யைக் கண்ணில் மட்டும் காட்டிய பொங்கல். களைத் தயிர்ச்சாதம் என்பேன். மோர் ஊற்றிப் பிசைந்து, வெள்ளரிக்காயும் மாங்காய் இஞ்சியும் நறுக்கிப் போட்டது. ஒரு நாள் இவரே சித்தீக் பாய் மில்லுக்குப் போய், முதுகுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வந்தார். எந்த முதுகு என்று கேட்டாராம் அவர்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "என்ன பண்ணுனீங்க?"

"களை தின்னேன் டாக்டர்."

டாக்டருக்கு விளங்கவில்லை. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்.

முதலில் வலது கண். மறுநாள் கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். நான் எதிரே நின்றேன். மனுஷன் என்ன சொல்லப் போகிறாரோ என்று அவர் வாயையே பார்த்தேன்.

"உனக்கு இவ்வளவு நரை எப்ப வந்துச்சு?" என்றார்.

"நீங்க நொய் தின்ன மாசத்துல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

பஸ் களைப்பில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. குதிரைவாலி, முருங்கைக்காய் சாம்பார், வாழைத்தண்டுப் பொரியல். ஆனால் கண் திறந்து வந்திருக்கிறார். வீம்புக்குத் தின்ற அந்தச் சில நாளைத் தவிர, இரண்டு மாதமாக நெல் போடுகிற ஆளுக்கு அரிசியைக் கண்ணில் காட்டவில்லை என்று எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு பிடி எங்கள் வயல் அரிசியை, பாதி வேகவிட்டு, குதிரைவாலியோடு சேர்த்து வடித்துவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை.

தட்டில் போட்டேன். சாம்பார் ஊற்றக் கரண்டியை எடுத்தேன்.

"இரு" என்றார்.

ஆபரேஷன் ஆகாத கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, தட்டைப் பார்த்தார். ஒரு விரலை நீட்டினார். குதிரைவாலிக்கு நடுவே நீளமாகக் கிடந்த ஒரு சோற்றுப் பருக்கையைத் தொட்டு, தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் அதற்குப் பக்கத்தில் இருந்த ஒன்று. வரிசை பிடித்து, முனையிலிருந்து முனைக்கு, வயலில் இறங்கியது போலவே போனார். ஒன்றைக்கூட விடவில்லை. ஒரு குதிரைவாலியைக்கூடத் தவறித் தள்ளவில்லை.

"ஒரு பிடிதாங்க போட்டேன். ஆசையா இருப்பீங்களேன்னு. சாப்பிடுங்க, சாம்பார் ஆறுது" என்றேன்.

"இரு ஜோதி. களை எடுத்துட்டு வந்துடுறேன்."

ஓரத்தில் சேர்ந்த சோற்றை வழித்து என் தட்டில் வைத்தார். எனக்குக் கண் நிறைந்து, எது அரிசி எது குதிரைவாலி என்று எதுவுமே தெரியவில்லை.

"இப்ப ஊத்து" என்றார்.